மண்வெட்டி பிடிக்கிற கைக்கு எத்தனை ஊசி?

மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘மனிதர்களுக்கு எப்போது எழுதுவீர்கள்?’ என்று கேட்டு கடிதங்கள் வருவது வழக்கம். வெட்டுக்காயம், ஆணிக்குத்து, நாய்க்கடி பற்றிய கேள்விகளும் அவற்றில் நிறைய. அவற்றில் சிலவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கேள்விகள் சுற்றிச் சுற்றி டெட்டனஸ் நோயில்தான் வந்து நிற்கின்றன. நம் ஊர்ப்பக்கம் ரண ஜன்னி, வாய்ப்பூட்டு நோய், இசிவு நோய் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

‘கரும்பு சோகை உரிக்கும்போது அரிவாள் பட்டு காலில் வெட்டு. மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு டி.டி. ஊசி போட்டேன். அது ஆறு மாதம் தாங்கும், இப்போது தேவையில்லை என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஆறு மாதம் தாண்டினால் ஒவ்வொரு காயத்துக்கும் போட வேண்டுமா?’
– கரும்பு விவசாயி, பண்ருட்டி வட்டம்

‘ஆறு மாதம் தாங்கும்’ என்பது ஊர் முழுக்கப் பரவியிருக்கும் தவறான கணக்கு. முறையாகப் போட்டவருக்கு ஆறு மாதம் என்பது மிகக் குறைவான கணக்கு. முறையாகப் போடாதவருக்கு அதுவே மிக அதிகம். நீங்கள் மூன்று மாதத்துக்கு முன்பு போட்டது உங்கள் வாழ்நாளில் எத்தனையாவது ஊசி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதுதான் முதல் ஊசி என்றால், அதை நம்பி இருக்க முடியாது. முதல் ஊசி உடம்புக்கு நோயை அறிமுகம்தான் செய்து வைக்கிறது. பாதுகாப்பு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் தராது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்ட பிறகுதான் சில ஆண்டுகள் தாங்கும் பாதுகாப்பு வருகிறது. அதன்பின் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்றாவதையும் போட்டுவிட்டால் அடிப்படைத் தவணை முடிந்தது. பிறகு பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஊக்க ஊசி போதும்.

காயம் பட்ட அன்று போடும் ஊசி அந்தக் காயத்தைக் காப்பாற்றிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். திருட்டு நடந்த இரவில் போய் நாய்க்குட்டி வாங்கி வந்தால் அது அன்றைக்கே திருடனைப் பிடிக்குமா? ஏற்கெனவே வளர்த்துப் பழக்கிய நாய் இருந்தால் ஒரு சத்தம் கொடுத்தாலே போதும், எழுந்து ஓடும். முன்பே மூன்று ஊசி போட்டவருக்குக் காயத்தின்போது போடும் ஊசி அந்தச் சத்தம் போன்றது. சில நாட்களிலேயே உடம்பில் எதிர்ப்புச் சக்தி பெருகிவிடும். ஒன்றுமே போடாதவருக்கு அதே ஊசி அன்று வாங்கிய நாய்க்குட்டிதான்.

காயம் பட்டால் டாக்டர்கள் பார்க்கும் கணக்கு இதுதான்:

* மூன்று ஊசியும் முடித்தவர், சிறிய, சுத்தமான காயம்: கடைசி ஊசி போட்டு பத்து ஆண்டு ஆகவில்லை என்றால் ஊசி தேவையில்லை.
* மூன்று ஊசியும் முடித்தவர், ஆழமான காயம் அல்லது மண், சாணம் பட்ட காயம்: கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் ஓர் ஊக்க ஊசி.
* மூன்று ஊசி முடிக்காதவர், அல்லது போட்டோமா என்றே தெரியாதவர்: எந்தக் காயமானாலும் ஊசி. ஆழமான, அழுக்கான காயமானால் அதோடு ‘டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின்’ என்ற இன்னோர் ஊசியும் வேண்டும். இது உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கும் வரை காத்திருக்காமல், தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தியை நேராக உடம்புக்குள் செலுத்துவது.

எனவே மருத்துவமனைக்குப் போனால், ‘டி.டி. போடுங்க’ என்று மட்டும் சொல்லாமல், ‘இதற்கு முன் இத்தனை ஊசிதான் போட்டிருக்கிறேன்’ என்றும் சொல்லுங்கள். உங்கள் வெட்டு அரிவாளால் ஏற்பட்டது, தோட்டத்து மண்ணும் பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் போட்டதுதான் உங்களுக்கு முதல் ஊசி என்றால் இன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போய்விடுங்கள். அதற்கு முன்பே மூன்று முடித்தவர் என்றால் இப்போது ஊசி தேவையில்லை. தேவையில்லாமல் அடிக்கடி போட்டுக்கொண்டால் கை கடுமையாக வீங்கி வலிக்கும். அதனால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

‘துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஜன்னி வரும் என்கிறார்கள். எனக்குக் குத்தியது கருவேல முள். அறுபது வருஷம் மண்ணிலேயே கிடந்த உடம்புக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்கிறார் அப்பா. சரியா?’
– ஆடு வளர்ப்போர், இராமநாதபுரம் மாவட்டம்

இரண்டுமே சரியில்லை. துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நோயை உண்டாக்கும் கிருமி மண்ணிலும், ஆடு, மாடு, குதிரை போன்றவற்றின் குடலிலும் சாணத்திலும் இருக்கிறது. வெயில், வறட்சி எல்லாவற்றையும் தாங்கி, விதை உறங்குவதுபோல ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கும். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதற்குக்கூடச் சாகாது. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணி. அது ஆழமாகவும் குத்தும். பழி துருவின் மேல் விழுந்தது அதனால்தான்.

இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. காற்றுப் படாத இடத்தில்தான் விழித்துப் பெருகும். அகலமாக வெட்டி இரத்தம் கொட்டும் காயத்தைவிட, வெளியே புள்ளி மாதிரித் தெரிந்து உள்ளே ஆழமாகப் போன முள் குத்து அதற்கு வசதியான இடம். அதனால் கருவேல முள்ளை அலட்சியம் செய்ய வேண்டாம். தீக்காயம், ஆறாத சர்க்கரைப் புண், மாடு முட்டிய காயம், முள் எடுக்க ஊக்கால் நோண்டிய இடம் ஆகியவையும் இதே கணக்கில் வரும்.

உள்ளே போன கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குப் போய், தசையைத் தளர்த்தும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. பம்புசெட்டில் ஆன் பொத்தான் வேலை செய்து, ஆஃப் பொத்தான் மட்டும் கெட்டுப்போனால் எப்படியோ அப்படி. இறுகிய தசை தளராது. முதலில் தாடை, பிறகு கழுத்து, வயிறு, முதுகு. சின்னச் சத்தம், வெளிச்சம் பட்டால்கூட உடம்பு வில்லாக வளையும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். மூச்சுத் தசைகள் இறுகும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

அப்பா சொல்வதற்கு வருவோம். மண்ணில் உழைத்தால் இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று நம்பி இருக்க முடியாது. நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. நோயை உண்டாக்கப் போதுமான நஞ்சின் அளவு அவ்வளவு கொஞ்சம். உடம்பு அதை அடையாளம் கண்டு பழகுவதற்கு அது போதாது. அதனால் பிழைத்தவருக்கும் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள். அம்மை போல இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே ஊரில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள் என்பதால் போடாத ஒருவர் தப்பிக்க முடியாது. அவரவர் ஊசி அவரவருக்குத்தான்.

‘எங்கள் வீட்டில் மாட்டுக்கு எந்த மாதம் கோமாரி ஊசி போட்டோம் என்று காலண்டரில் குறித்திருக்கிறோம். எனக்குக் கர்ப்பமாக இருந்தபோது ஊசி போட்டார்கள். பிள்ளைகளுக்கு அட்டை இருக்கிறது. வீட்டுக்காரருக்கு 54 வயது. எப்போதாவது போட்டதா என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, மாமியாருக்கும் தெரியவில்லை. என்ன செய்வது?’
– இல்லத்தரசி, ஈரோடு மாவட்டம்

நம் கிராமங்களின் பெரிய ஓட்டை இதுதான். இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல். நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் என்று அது விரிந்தது 1985-க்குப் பிறகு. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் குழந்தையாக இருந்தபோது ஓர் ஊசியும் போடாதவர்கள். பெண்களுக்குப் பிரசவத்தின்போது ஊசி கிடைத்துவிடுகிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பமே வருவதில்லை. குடும்பத்தில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாம் பிடிக்கிறவர் எவரோ, அவரிடம்தான் அட்டை இல்லை.

போட்டது தெரியவில்லை என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு போட்டிருந்தாலும் பாதகமில்லை. இன்று ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒன்று. டெல்டாக்காரர்கள் வெள்ளாமைக் கணக்கில் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். சம்பாவுக்கு நாற்றங்கால் விடும்போது முதல் ஊசி. நாற்றைப் பறித்து நடும்போது இரண்டாவது. நெல் அறுத்து, உளுந்தும் எடுத்து முடித்த சித்திரையில் மூன்றாவது. இடையில் நாள் தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உங்கள் மாமியாரையும் மறக்க வேண்டாம். கடைசிப் பிரசவத்தில் போட்டிருந்தாலும் அது முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தையது. சர்க்கரை இருந்து காலில் புண்ணும் இருந்தால் முதல் ஆளாக அவரை அழைத்துப் போங்கள்.

இன்னொரு விவரம். பழைய ஊசி ரண ஜன்னியை மட்டும் தடுத்தது. 2019 முதல் அரசுத் திட்டத்தில் போடுவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பான் நோயையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி. பேச்சில் இரண்டையுமே ‘டி.டி.’ என்றுதான் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கும் புதிய ஊசிதான் நல்லது.

‘காயம் பட்டால் காபித்தூள் வைத்துக் கட்டுவோம். சிலர் சாணம் வைக்கிறார்கள். எது சரி?’
– வாசகர், தருமபுரி மாவட்டம்

சாணம் கூடவே கூடாது. நோய்க்கிருமி குடியிருக்கும் பொருளையே காயத்துக்குள் வைத்துக் கட்டுவதாகிவிடும். காபித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், புகையிலை எதுவும் வேண்டாம். இவை காயத்தை மூடிக் காற்றைத் தடுக்கும். டாக்டர் சுத்தம் செய்யும்போது எடுக்கவும் வராது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மோட்டார் தண்ணீர் போதும். இரத்தம் நிற்கவில்லை என்றால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மண், முள், செத்த தசை உள்ளே தங்கியிருந்தால் ஊசி மட்டும் போதாது. அதை மருத்துவமனையில்தான் சுத்தம் செய்ய வேண்டும். முள் பாதி உள்ளே முறிந்திருந்தால் வீட்டில் நோண்டாதீர்கள்.

காயம் ஆறிவிட்டது என்று மறந்துவிடவும் கூடாது. நோய் பெரும்பாலும் காயம் பட்ட மூன்றாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாளுக்குள் தலைகாட்டும். சாப்பிட வாய் முழுசாகத் திறக்கவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது, விழுங்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்க்காதீர்கள். 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாரக்கணக்கில் அங்கே இருக்க வேண்டிய நோய் இது.

‘முதல் பிரசவம் முடிந்து இரண்டரை வருடம். அப்போது இரண்டு ஊசி போட்டார்கள். இப்போது மறுபடி கர்ப்பம். மறுபடியும் இரண்டு போட வேண்டுமா?’
– இளம் தாய், விழுப்புரம் மாவட்டம்

மூன்று ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம் என்றால் ஓர் ஊக்க ஊசி போதும். மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் இரண்டு: கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று. இந்த ஊசி உங்களுக்கு மட்டுமல்ல. உங்கள் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது.

ஒரு காலத்தில் பிறந்து நான்கைந்து நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்து இறந்துபோகும். காற்று சேட்டை, தோஷம் என்று சொல்லி அழுதார்கள். சுத்தமில்லாத கத்தியால் கொடி அறுத்ததும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்ததும்தான் காரணம். தாய்மார்களுக்கு ஊசி, மருத்துவமனைப் பிரசவம் இரண்டும் சேர்ந்து அதை மாற்றின. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் அந்த அளவு. கிருமி மண்ணிலேயே இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் திரும்பி வரும். பிள்ளையின் தொப்புளில் எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் வைக்காமல் உலர்வாக விடுங்கள்.

‘பையனுக்கு ஒன்றரை வயது வரை எல்லா ஊசியும் போட்டாயிற்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது. இனியும் போட வேண்டுமா?’
– வாசகர், மணப்பாறை

அவசியம் போட வேண்டும். ஒன்றரை வயதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து வயதில் ஓர் ஊக்க ஊசி, பத்து வயதில் ஒன்று, பதினாறு வயதில் ஒன்று இன்னும் இருக்கிறது. முதலில் போட்ட ஊசிகளின் வீரியம் ஆண்டுகள் போகப்போகக் குறையும். ஐந்து வயது ஊசி ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றையும் தடுக்கும். தொண்டை அடைப்பானில் சாம்பல் நிறப் படலம் தொண்டையை மூடி மூச்சு அடைக்கும். நஞ்சு இதயத்தையும் தாக்கும். அது இன்னும் நம் நாட்டில் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சல், வலி, வீக்கம் வருவது இயல்பு. செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், நிறுத்தாமல் அழுவது என்று ஏதாவது இருந்தால் உடனே காட்டுங்கள்; அடுத்த ஊசியின்போதும் சொல்லுங்கள். துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குப் பத்து, பதினாறு வயது ஊசிகள் தவறிவிடும். கிராம சுகாதார செவிலியரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

‘வெறிநாய் கடித்த எங்கள் பசு தீவனம் எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று என் தம்பி கையை விட்டுப் பார்த்தான். பால் கறந்து குடித்தும் இருக்கிறோம். பயமாக இருக்கிறது.’
– கறவை மாடு வளர்ப்போர், திருவண்ணாமலை மாவட்டம்

இந்தக் கேள்விக்குக் கடிதத்திலேயே பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கேயும். உங்கள் தம்பி உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்த மாட்டுக்குத் தொண்டைத் தசை செயலிழக்கும். அது பார்ப்பதற்கு மாங்கொட்டை அடைத்ததுபோலவே இருக்கும். கையை விட்டுப் பார்த்தால், விரலில் உள்ள கீறல் வழியாக எச்சிலில் இருக்கும் கிருமி உள்ளே போகும். தீவனம் விழுங்காத, எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் வெறும் கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

காய்ச்சிய பாலில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது. காய்ச்சிக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம். பச்சைப் பாலாகக் குடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லி அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். இனி அந்தப் பாலைப் பயன்படுத்தாதீர்கள்.

நாய் கடித்தாலும், எச்சில் கீறலில் பட்டாலும் முதல் வேலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வேண்டாம். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசியை முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை போடுவார்கள். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றி இன்னோர் ஊசியும் உண்டு. ரண ஜன்னியில் சிகிச்சையால் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. நாய் ஓடிப்போய்விட்டது, குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று எதையும் எண்ணாமல் அன்றே போக வேண்டும். நாய்க்கடிக்கும் ரண ஜன்னி ஊசிக் கணக்கைப் பார்ப்பார்கள்.

‘கிடாக்குட்டிக்குக் காயடித்தபின் கால் விறைத்து, வாய் திறக்காமல் செத்துவிட்டது. அதுவும் ஜன்னியா?’
– ஆடு வளர்ப்போர், புதுக்கோட்டை மாவட்டம்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதைத்தான் காட்டுகின்றன. ஆட்டுக்கும் குதிரைக்கும் இந்த நோய் எளிதாக வரும். மாட்டுக்குச் சற்றுக் குறைவு. கத்தியால் அறுத்தோ, ரப்பர் வளையம் போட்டோ காயடித்தால் புண் வழியாகக் கிருமி போகும். கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ இடுக்கியால் தோல் கிழியாமல் நசுக்கிக் காயடிப்பார்கள். அதில் திறந்த புண் இல்லை. முடிந்தவரை அதையே கேளுங்கள். வேறு வழியில் செய்வதானால் முன்கூட்டியே ஊசி போடுவது பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இந்தப் பதினைந்து நாளில் செய்ய வேண்டியது

பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, கடைசியாக ஊசி போட்ட ஆண்டு, மொத்தம் எத்தனை ஊசி என்று எழுதுங்கள். தெரியாதவர் பெயருக்கு எதிரே சுழியம் போடுங்கள். சுழியம் உள்ளவர்கள் அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம் போகும்போது முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அரசு நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது. தோட்டத்தில் கூலிக்கு வரும் ஆட்களிடமும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துப் பேசலாம்.

அடுத்த இதழில் பாம்புக்கடி பற்றிய கேள்விகள். எழுதும்போது உங்கள் ஊர், செய்யும் வெள்ளாமை, கடி எப்போது எங்கே நடந்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.